நினைவஞ்சலியில் ஊரும் தொழிலும் இடம்பெறட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. நடுவில் படம், ஒருபுறம் தோற்றம், மறுபுறம் மறைவு, கீழே மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர், கடைசியில் தொடர்பு எண். மறைந்தவர் எந்த ஊரில் பிறந்தார், யாருடைய பிள்ளை, எந்த ஆண்டு இக்கரைக்கு வந்தார், என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் இருப்பதில்லை. நாற்பது ஆண்டு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும் தேக்காவில் கடை வைத்திருந்தவருக்கும் ஒரே விளம்பரம்.

இந்த விளம்பரத்தில் இன்னும் ஒரே ஒரு வரி, பதினைந்து இருபது சொல்லுக்குள், சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். பிறந்த ஊர், வட்டம், தகப்பனார் பெயர், தாயார் பெயர், வந்த ஆண்டு, பார்த்த வேலை. இதைக் குடும்பங்கள் எழுதித் தர வேண்டும், விளம்பரம் வாங்குபவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒருவருடைய தடயம் நிலத்தில் நெடுநாள் நிற்பதில்லை. தொழிலாளர்கள் வரிசையாகத் தங்கிய லயன் வீடுகளும், கம்பங்கள் எனப்பட்ட சிற்றூர்களும் போய்விட்டன. இந்துக்களில் பலர் அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுகிறோம். 1972ல் மூடப்பட்ட பிடாடரி இடுகாட்டிலிருந்து 2001 தொடங்கி கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. இன்று புதிதாக அடக்கம் செய்ய எஞ்சியிருப்பது சுவா சூ காங் மட்டும்தான். 1998 நவம்பரில் நடப்புக்கு வந்த விதியின்படி அங்கும் ஒரு கல்லறைக்குத் தவணை 15 ஆண்டு, பிறகு தோண்டி எடுக்கப்படும். ஆனால் அச்சில் வந்த நாளிதழ் நூலகத்துக்குப் போகிறது, தேதியோடு நிற்கிறது. 1887ல் தொடங்கிய ‘சிங்கைநேசன்’ இதழை இன்றும் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் புரட்ட முடிகிறது. ஊர் பெயரோடு ஒரு வரி இன்று அச்சானால், அறுபது ஆண்டு கழித்துக் கொள்ளுப்பேத்தி தேடும்போது அது கிடைக்கும்.

அந்த வரியை எழுத உட்கார்ந்தால்தான் குடும்பத்தில் யாருக்கும் விவரம் தெரியாது என்பது தெரியவரும். அதை எப்படித் திரட்டுவது, எங்கே தவறு நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் தவணையாக வெளியிட்டாலும் சரி.

முதல் விதி, பின்னாலிருந்து முன்னால் போவது. கப்பலிலிருந்து தொடங்கினால் கரை சேர முடியாது. இறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். இங்கே பிறப்பு, இறப்புப் பதிவு 1872லிருந்து கட்டாயம். சான்றிதழ் தொலைந்திருந்தால் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். கையில் கிடைத்ததும் பலரும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு: இறந்தவரின் முகவரி, இறப்பை அறிவித்தவர் பெயர். அறிவித்தவர் சில நேரம் மகனாக இருக்கமாட்டார். ஒரே லயனில் இருந்த ஊர்க்காரராகவோ, ஆட்களைத் திரட்டி அழைத்து வந்த கங்காணியாகவோ இருப்பார். அவர் ஊர் தெரிந்தால் உங்கள் தாத்தாவின் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், ஏனென்றால் அன்று கூட்டாகத்தான் வந்தார்கள், கூட்டாகத்தான் தங்கினார்கள்.

வயதை மட்டும் நம்ப வேண்டாம். அடையாள அட்டை 1948ல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தில் வந்தது. அன்று வரிசையில் நின்ற பலரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வாயால் சொன்னதை எழுத்தர் எழுதினார். வேலைக்காக வயதைக் கூட்டியவர்களும் உண்டு, குறைத்தவர்களும் உண்டு. 50, 55, 60 என்று முழு எண்ணாக வயது இருந்தாலோ, பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருந்தாலோ அது மதிப்பீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் ‘சுமார் 1912’ என்று போடுவதில் குறைச்சல் எதுவும் இல்லை. சுமார் என்பதை விட்டுவிட்டால்தான் அடுத்த தலைமுறை தவறான ஆண்டில் தேடும்.

அடுத்தது பெயர். தேடலில் பாதி முட்டுக்கட்டை இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயர்தான் உண்டு. ஆங்கிலப் பதிவேடுகளில் இது சில இடங்களில் முன்னே வரும், சில இடங்களில் பின்னே வரும். எனவே மகன் பெயரிலும் தேட வேண்டும், தகப்பன் பெயரிலும் தேட வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால் முத்துவின் மகன் கருப்பையா, கருப்பையாவின் மகன் முத்து என்று மாறி மாறி வரும். தலைமுறை குழம்பாமலிருக்க ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மனைவி பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கூட்டல் வேறு. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முத்து என்ற ஒரு பெயரையே ‘எம் யூ டி எச் யூ’ என்றும், ‘எம் யூ டி டி யூ’ என்றும், பழைய பாணியில் இரண்டிரண்டு ‘ஓ’ போட்டும் எழுதியிருப்பார்கள். சாமி என்பது ‘ஐ’யில் முடியும், ‘ஒய்’யில் முடியும், நடுவில் ‘டபிள்யூ’ நுழையும். பழனியில் உள்ள ழகரம் வெறும் ‘எல்’ ஆகிவிடும். அம்மாள் என்பது ‘அமா’ ஆகும். தேட உட்காருமுன் ஒரு தாளில் சாத்தியமான எல்லாக் கூட்டல்களையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். ‘என்கிற’ போட்டு இரண்டாம் பெயர் இருந்தால் அதைத் தனியாகவும் தேட வேண்டும். பதிவேட்டுப் பெயர் ஒன்றாகவும் லயனில் கூப்பிட்ட பெயர் இன்னொன்றாகவும் இருந்தவர்கள் ஏராளம்.

தமிழ் இதழ்களின் இணையத் தொகுப்பில் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. பழைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, னை போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். கணினி அவற்றைப் பிழையாக வாசிக்கும். பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்றதும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இறந்த தேதி தெரிந்தால் மறுநாளிலிருந்து பதினாறு நாள் வரையிலும், பிறகு ஓராண்டு நிறைவை ஒட்டியும் பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். வேலையிடத்து விபத்தில் இறந்தவர் என்றால் ஆங்கில நாளிதழில் மரண விசாரணைச் செய்தியாக வந்திருக்கலாம். சில இதழ்களை நூலகக் கட்டடத்துக்குள் இருக்கும் கணினியில்தான் திறக்க முடியும், அதற்கு ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர் காலத்துத் தாள் கையில் வந்தால் ஆண்டைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 2602, 2603 என்று இருக்கும். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660 கழித்தால் 1942, 1943. இன்னொன்றும் உண்டு. அந்த மூன்றரை ஆண்டும் சிங்கப்பூர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடியது, வழக்கமான நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். சூரியன் உதிக்கவே மணி எட்டு ஆகும். ‘காலை 7 மணிக்கு மரணம்’ என்று தாளில் இருந்தால் அது விடிவதற்கு முன். இது ஏன் முக்கியம் என்பது திதிக் கணக்கு பார்க்கும்போது புரியும்.

ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குப் பெரும்பாலும் சான்றிதழும் கிடையாது, சமாதியும் கிடையாது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அங்கே கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அப்படி ஒருவர் குடும்பத்தில் இருந்தால், புறப்பட்ட இடமும் கடைசியாகப் பார்த்த மாதமும் தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். மறைவு என்ற இடத்தைக் காலியாக விடாமல் ‘1943, சயாம் ரயில் பாதை’ என்று அச்சிடலாம். அந்தப் பெயர் வேறெங்குமே பதிவாகாமல் இருக்கக்கூடும்.

இப்போது திதி. நம் குடும்பங்கள் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாத ஆவணம் இது. தேதி மறந்துபோன வீட்டிலும் தெவசம் மட்டும் மறக்காது: ஐப்பசி, தேய்பிறை, சதுர்த்தசி. இத்துடன் தமிழ் ஆண்டின் பெயரும் தெரிந்தால் ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். ஆண்டுப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை சுழலும். பிரபவ 1927, தாது 1936, சித்திரபானு 1942, பார்த்திப 1945. இதே பெயர்கள் அறுபது ஆண்டு முன்னும் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது 1876. எனவே ‘தாது வருஷம் பிறந்தார்’ என்றால் பேரன் வயதை வைத்து எந்தத் தாது என்று முடிவுசெய்ய வேண்டும். ஆண்டு பிறப்பது ஏப்ரல் நடுவில் என்பதையும் மறக்கக் கூடாது. தாது வருஷம் தை மாதம் என்றால் அது 1937 ஜனவரி, 1936 அல்ல. இந்த ஒரு பிழையை எத்தனையோ குடும்ப மரங்களில் பார்க்கலாம்.

அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தை எடுத்து, அந்த மாதத்தில் அந்தத் திதி எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். 31, 32 நாள் உள்ள மாதங்களில் ஒரே திதி தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் வரலாம். அப்போது இரண்டு தேதியையும் குறித்துக்கொண்டு, கிழமை யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். ‘வெள்ளிக்கிழமை, கோவிலுக்குப் போய்விட்டு வந்தோம்’ என்று ஒருவர் சொன்னால் போதும், ஒன்று விழுந்துவிடும். பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் இருக்கும். இன்று நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். 1945 செப்டம்பரிலிருந்து 1981 முடிய இரண்டு மணி. திதி மாறும் நேரத்துக்குப் பக்கத்தில் மரணம் நேர்ந்திருந்தால் இது ஒரு நாளைப் புரட்டிவிடும். விடியுமுன் இறந்தவரை வீட்டில் முந்தின நாள் கணக்கில் சேர்ப்பார்கள். சான்றிதழில் நள்ளிரவுக்குப் பின் மறுநாள். ஒரு நாள் முன்பின் வந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று எண்ணிவிட வேண்டாம், இரண்டும் சரியாக இருக்கலாம்.

ஊரைப் பற்றி. ‘தஞ்சாவூர்ப் பக்கம்’ என்பது ஊர் அல்ல. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் பெரும்பகுதி இன்று நான்கு மாவட்டம்: 1991ல் நாகப்பட்டினம் பிரிந்தது, பின்னர் திருவாரூர், 2020ல் மயிலாடுதுறை. ராமநாதபுரத்திலிருந்து 1985ல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. திருநெல்வேலி ஜில்லா என்று எழுதிய கடையநல்லூர் இன்று தென்காசி மாவட்டம். மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் வழி தவறும், வட்டத்தைப் பிடியுங்கள். புதூர், நல்லூர், புதுப்பட்டி என்ற பெயரில் ஊர்கள் எண்ணி முடியாது. பக்கத்துச் சந்தை எது, எந்த ரயிலடியில் இறங்குவார்கள், எந்தத் தபாலாபீஸ் என்று கேட்க வேண்டும்.

பழைய கடித உறைகளை எறிந்துவிடாதீர்கள். நீலநிற வான்கடிதத்தின் பின்புறம் அனுப்புநர் முகவரி இருக்கும். 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது என்றால் ஆறு இலக்க பின்கோடு இருக்க வாய்ப்புண்டு. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி. முதல் மூன்றும் சேர்ந்து அஞ்சல் மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்றும் தபாலாபீசைக் காட்டும். முகவரி மங்கி, பின்கோடு மட்டும் தெரிந்தாலும் சுற்றுவட்டாரம் கைக்கு வந்துவிடும். மணியார்டர் ரசீதும் அப்படியே.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாத்தாவின் ஊராவது வீட்டில் பேச்சில் இருக்கும். பாட்டியின் பிறந்த ஊர் பெரும்பாலான வீடுகளில் போய்விட்டது. பல பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் பெயரே தெரியவில்லை, ஆயா என்றோ அப்பாயி என்றோதான் தெரியும். பெண்களுக்கான நினைவஞ்சலியில் கணவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருக்கும், பெற்றவர்கள் பெயர் இருக்காது. பதினாறு வயதில் கப்பலேறி வந்து, லயன் வீட்டில் எட்டுப் பிள்ளை பெற்று, நகராட்சி வேலைக்கும் போன ஒருத்திக்கு இவ்வளவுதானா மிச்சம்? இது எங்களை மிகவும் வருத்துகிற குறை.

இதற்கு ஒரு வழி மொய் நோட்டு. பரணிலோ அலமாரி அடியிலோ நீளவாக்கில் தைத்த ஒரு கணக்கு நோட்டு கிடந்தால் அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மேலே பிள்ளையார் சுழி, கீழே விசேஷத்தின் பெயரும் தேதியும், அதன்பின் வரிசையாக ஊர், பெயர், தொகை. இங்கே நடந்ததானால் வெள்ளியில் (டாலரில்), ஊரில் நடந்ததானால் ரூபாயில். பொதுவாகத் தாய்மாமன் மொய்தான் முதலில் எழுதப்படும். உங்கள் அப்பாவின் கல்யாண மொய் நோட்டில் முதல் வரியில் இருப்பவர் உங்கள் பாட்டியின் உடன்பிறந்தவர். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ஊர், பாட்டி பிறந்த ஊர். ஒரே ஊர் திரும்பத் திரும்ப வரும் பக்கங்களைக் குறித்துக்கொண்டால் பங்காளிகள் யார், சம்பந்த வழி யார் என்பது பிரிந்து வரும். பழைய கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் இதே போல உதவும். தாலுகா, வழி, ஜில்லா எல்லாம் விலாசத்தோடு அச்சாகியிருக்கும்.

1961 செப்டம்பர் 15ல் மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டம் நடப்புக்கு வருமுன் கோவிலிலோ வீட்டிலோ நடந்த கல்யாணங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இருப்பது இயல்பு. அதை வைத்துத் தாத்தா பாட்டி கல்யாணத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கத்தோலிக்கத் தமிழர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய துணை, பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். 1888ல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம் தமிழர் ஆலயமாகவே வளர்ந்தது. இஸ்லாமியக் குடும்பங்கள் நிக்காஹ் பதிவிலிருந்து தொடங்கலாம்.

வந்த விதத்தை எழுதும்போது சொற்களில் கவனம் தேவை. எல்லோரையும் ‘ஒப்பந்தக் கூலியாக வந்தவர்’ என்று எழுதிவிடுகிறோம். மலாயாவுக்கான ஒப்பந்த முறை 1910ல் நிறுத்தப்பட்டது. 1920களில் வந்தவர் கங்காணி அழைத்து வந்தவராகவோ சொந்தச் செலவில் வந்தவராகவோதான் இருப்பார். 1938ல் இந்திய அரசு கங்காணி வழியாக ஆள் அனுப்புவதையும் தடுத்தது. கப்பலும் அப்படியே. எல்லாத் தாத்தாக்களும் ராஜுலாவில்தான் வந்தார்கள் என்று கதை இருக்கும். ராஜுலா ஓடத் தொடங்கியது 1926ல், நின்றது 1973ல். 1920ல் வந்தவர் அதில் வந்திருக்க முடியாது. சென்னையில் ஏறினாரா நாகப்பட்டினத்தில் ஏறினாரா, பினாங்கில் இறங்கினாரா இங்கேயே இறங்கினாரா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பினாங்கில் இறங்கியவர் சில ஆண்டு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு ரயிலேறி இங்கு வந்திருக்கலாம். அப்படியானால் முதல் பிள்ளையின் பிறப்புப் பதிவு மலேசியாவில் இருக்கும்.

வேலையையும் ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். ‘நேவல் பேஸில் வேலை’ என்றால் டாக்யார்டா, ஸ்டோரா, ஆயுதக் கிடங்கா? பிரிட்டிஷ் கடற்படையின் செம்பவாங் தளம் 1938ல் திறந்தது, அதிலிருந்த கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்ட் 1968ல் சிங்கப்பூர் அரசிடம் வந்தது. அங்கிருந்து விலகியவர்களின் வேலைத் தாள்களும் பணிக்கொடைக் காகிதங்களும் இன்னும் பல வீடுகளில் பிளாஸ்டிக் பையில் கிடக்கின்றன. தகப்பனார் அதிகம் பேசாதவர் என்றால், அதே இடத்தில் வேலை பார்த்த இன்னொருவரின் பேச்சைக் கேளுங்கள். கெனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 1979லிருந்து வாய்மொழி வரலாறு பதிவு செய்துவருகிறது. அவற்றில் பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். உங்கள் தாத்தா எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன கூலி வாங்கினார் என்பதை அவருடைய கூட்டாளி வாயிலாகத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுப் பெரியவரிடம் கேட்கும்போது ஆண்டைக் கேட்காதீர்கள். கேட்டால் தெரியாது என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நடப்பைக் கேளுங்கள். புக்கிட் ஹோ சுவீ தீப்பிடித்தபோது, அதாவது 1961 மே மாதம், எந்த வீட்டில் இருந்தீர்கள்? 1964 கலவரத்தின்போது அப்பா வேலைக்குப் போனாரா? ஜப்பான்காரன் சரணடைந்தபோது நீங்கள் நடக்கிற பிள்ளையா, கைப்பிள்ளையா? இப்படி இரண்டு ஆணி அடித்துவிட்டால் நடுவில் உள்ளது தானே கட்டுப்படும். ஆனால் ‘பெரியார் வந்த வருஷம்’ என்றால் எந்த வருகை என்று கேட்டுத் தெளியுங்கள். அவர் 1929லும் வந்தார், 1954லும் வந்தார், இடையில் இருபத்தைந்து ஆண்டு.

கைப்பேசியை அழைப்பு வராதபடி விமான முறையில் வைத்து, அவரிடமிருந்து ஒரு முழத்துக்குள், மேசைமேல் மடித்த துண்டின் மீது வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். ஒரு பழைய படத்தையோ பித்தளைச் செம்பையோ கையில் கொடுத்தால் கேள்வியே கேட்காமல் பேச்சு வரும். மகன் பக்கத்தில் இருந்து ‘அப்படி இல்லைப்பா’ என்று திருத்திக்கொண்டிருந்தால் பதிவு கெட்டுவிடும், அவரை டீ வாங்கி வர அனுப்பிவிடுங்கள்.

படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பழைய படத்தை லேமினேட் செய்யாதீர்கள், சூடும் பசையும் ஏறினால் திரும்ப எடுக்கவே முடியாது. பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்புறம் தெரியும், மையும் பரவும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல் மெல்ல நகர்த்துங்கள். 600 டிபிஐ அளவில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் உள்ள தெருப் பெயரே காலத்தைக் காட்டக்கூடும். நம் ஊர் ஈரக்காற்றில் குளியலறைச் சுவரோடு ஒட்டிய அலமாரி படங்களுக்கு எமன். இராமபாணப் பூச்சியும் அங்கேதான் வரும்.

சுவா சூ காங்கில் கல்லறை இருந்தால் தோண்டுவதற்கு முன் படமெடுத்துவிடுங்கள். இடம் தெரியாவிட்டால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் தேடலாம். வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். அமிலம், சலவைத்தூள், சுண்ணக்கட்டி எதுவும் வேண்டாம். காலை எட்டரைக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு, வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. கல்லில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நோட்டில் எழுதுங்கள், பிழையைத் திருத்தாதீர்கள். தமிழ் எண்கள் இருக்கக்கூடும்: ௧௯௩௮ என்றால் 1938.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் பட்டாவைக் கேட்காதீர்கள். பட்டாவும் பத்திரமும் நல்ல ஆவணங்கள்தான், தாத்தாவின் தகப்பனார் பெயர் அதில் இருக்கும். ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்து நிலத்தாளைக் கேட்டால் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். அதன்பின் பெயர் சொல்லக்கூட வாய் திறக்காது. முதலில் குலதெய்வக் கோவிலுக்குப் போங்கள். அங்கே தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு இருக்கும். யார் யார் ஒரு வகையறா என்பது அதில் தெரியும். பங்காளிகளே வந்து விசாரிப்பார்கள். வம்சாவளியை எழுதி முடித்து, நிலம் எங்களுக்கு வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொன்ன பிறகு, மற்றதைக் கேட்கலாம்.

தேடும்போது ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று தெரியவருவதுண்டு. அதைக் குடும்ப நோட்டில் உள்ளபடி எழுதி வையுங்கள். அச்சிடுவதற்கு முன் உயிரோடிருப்பவர்களின் சம்மதம் கேளுங்கள். சாதிப் பெயர் நினைவஞ்சலி வரியில் தேவையில்லை. ஊரும் தகப்பனார் பெயரும் இருந்தால் ஆளை அடையாளம் காண அதுவே போதுமானது.

ஆசிரியர் அவர்களே, நினைவஞ்சலி விளம்பரப் படிவத்தில் ஐந்து கோடிட்ட இடம் விட்டால் போதும்: பிறந்த ஊரும் வட்டமும், தகப்பனார் பெயர், தாயார் பெயர், வந்த ஆண்டு, பார்த்த வேலை. இங்கேயே பிறந்தவருக்கு வந்த ஆண்டுக்குப் பதில் பிறந்த கம்பத்தின் பெயர். தெரியாததைக் காலியாக விடட்டும். இந்த வரிக்கு முதல் ஆண்டில் தனிக் கட்டணம் வாங்காமலிருந்தால் பலர் எழுதுவார்கள். ஆண்டை நான்கு இலக்கமாகவே அச்சிட வேண்டும், ’36 என்று சுருக்க வேண்டாம். அச்சில் அது இப்படி வரும்:

‘மன்னார்குடி வட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் கருப்பையா, தாயார் மாரியாயி. சுமார் 1936ல் நாகப்பட்டினத்திலிருந்து வந்தார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார்.’

இப்படிக்கு,
குடும்ப வரலாறு திரட்டுவோருக்கு உதவிவரும் வாசகர்கள் சிலர்,
ஈசூன்